கட்டைவிரலும் தாடை மூட்டும்

நவராத்திரி நாட்களில் தில்லித் தமிழர் இல்லங்களுக்குக் கொலுப் பார்க்க வரும் குழந்தைகளைப் பாடச் சொல்வதும் ஆடச் சொல்வதும் நம்மிடையே உள்ள வழக்கம். பாடுவதற்கு நாணுகிற குழந்தை வேறு ஏதேனும் ஒரு வித்தையைக் காட்டிவிட்டுத் தன் பங்குச் சுண்டலைப் பெற்றுச் செல்லும். நம் தங்கையின் மகள் அந்த வகையைச் சேர்ந்தவள். பாட்டென்றால் ஓடி ஒளிவாள். ஆனால் மணிக்கட்டை மடித்துக் கட்டைவிரலை முன்கையின் உட்புறத்தோடு ஒட்டவைத்துக் காட்டுவாள். சுண்டுவிரலைப் பின்புறமாக வளைத்து வானத்தை நோக்கி நிறுத்துவாள். முழங்கால் மடங்காமல் குனிந்து இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் பதிப்பாள். ‘ரப்பர் பொம்மை’ என்று அவளுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். கைதட்டியவர்களில் நாமும் ஒருவர். ‘இன்னொரு முறை காட்டு, அம்மா’ என்று கேட்டவர்களிலும் நாம் ஒருவர் என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

2023ஆம் ஆண்டுக் கார்த்திகை மாதத்தில் ஒரு மாலைப் பொழுது. அப்பொழுது அவளுக்கு வயது பதினாறு. தோழியரோடு கரோல் பாக் கடைத்தெருவுக்குச் சென்று கோல்கப்பா உண்டுகொண்டிருந்தாள். மும்பையில் பானிபூரி என்றும் கொல்கத்தாவில் புச்கா என்றும் வழங்கும் அதே பண்டந்தான். ஒரே வாயில் போட்டுக்கொள்ளாவிட்டால் புளிநீர் உடையெல்லாம் வழிந்துவிடும். ஆதலால் உண்பவர் வாயை அகலத் திறந்தே தீரவேண்டும். மூன்றாவது பூரிக்குத் திறந்த வாய் மூடவில்லை. மோவாய் முன்னே நீண்டு நிற்க, எச்சில் வழிய, பேச்சுக் குழறக் கண்ணீர் விட்டபடி நின்றாள். கடைக்காரர் நல்லெண்ணத்தோடுதான் மோவாயின் கீழ்க் கைவைத்து மேல்நோக்கித் தள்ளினார். வலி மிகுந்ததேயன்றி வாய் மூடவில்லை. கூடியிருந்தவர்களில் ஒருவர் வலிப்பு என்றார். மற்றொருவர் கண்ணேறு என்றார். செய்தி கேட்டு நாம் மருத்துவமனைக்கு ஓடியபோது அவள் வாய் திறந்து ஒரு மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது.

அங்கிருந்த இளம் மருத்துவர் அவளைச் சுவரில் தலை சாய்த்து அமரச் செய்தார். தம் இரு கட்டைவிரல்களிலும் துணி சுற்றிக்கொண்டு, அவளுடைய கீழ்க் கடைவாய்ப் பற்களின் பக்கத்தில் அவற்றை வைத்து, முதலில் கீழ்நோக்கி அழுத்திப் பிறகு பின்னோக்கித் தள்ளினார். ஒரு சிறு ஓசை, வாய் மூடிக்கொண்டது. கைகளைக் கழுவிக்கொண்டே அவர் இந்தியில் ஒரு கேள்வி கேட்டார். ‘உன் கட்டைவிரலை மடக்கி முன்கையில் ஒட்டவைக்க முடியுமா?’ அவள் ஒட்டவைத்துக் காட்டினாள். இம்முறை யாரும் கைதட்டவில்லை.

இந்த மாலைக்கு முன்பே மூன்று ஆண்டு வரலாறு ஒன்று இருந்தது. மெல்லும்போது வலப்பக்கக் காதருகே சொடக்குப் போடுவதுபோல ஓசை கேட்கிறது என்று பதின்மூன்றாம் வயதிலேயே சொன்னாள். பிறகு காதுக்கு முன்புறம் வலிக்கிறது என்றாள். பெற்றோர் இருவரும் அலுவலுக்குச் செல்பவர்கள். ஆகவே பாட்டியார்தாம் அவளை மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். தஞ்சையிலிருந்து தில்லிக்கு வந்து இருபது ஆண்டுகளாகியும் காய்கறி வண்டிக்காரனிடம் பேரம் பேசும் அளவுக்கே இந்தி கற்ற அம்மையார், ‘கான், கான்’ என்று காதைச் சுட்டிக்காட்டினார். காதுக்குச் சொட்டு மருந்து கிடைத்தது. இரண்டு புட்டிகள் தீர்ந்தன. அடுத்து ஒரு பல் மருத்துவர் கடைவாய்ப் பல் ஒன்றை அடைத்தார். வலி தேர்வுக் காலங்களில் மிகுந்ததால், ‘படிப்பதற்குச் சோம்பல்; அதனால்தான் வலி என்கிறாள்’ என்னும் தீர்ப்பும் வீட்டிலேயே வழங்கப்பட்டது. தாடைக்கு இந்தியில் ‘ஜப்டா’ என்று பெயர். ‘கான் கே ஆகே, ஜப்டே மேன்’, அதாவது காதுக்கு முன்னே, தாடையில், என்று அன்று சொல்லத் தெரிந்திருந்தால் இரண்டு ஆண்டுகளாவது மிச்சமாகியிருக்கும் என்று பாட்டியார் இன்றும் சொல்லி வருந்துகிறார். அவர்மேல் என்ன குற்றம்? இந்தி நன்றாகத் தெரிந்தவர்களுக்கும் தாடை மூட்டு எங்கே இருக்கிறது என்பது தெரிவதில்லை.

தாடை மூட்டு எங்கே என்று கேட்டால் மோவாயைத் தொட்டுக் காட்டுபவர் பலர். வாசகர்கள் தம் சுட்டுவிரல் நுனியைக் காதுத் துளைக்குச் சற்று முன்னே வைத்து, வாயை மெல்லத் திறந்து மூடிப் பார்க்கலாம். விரலின்கீழ் ஒரு குமிழ் உருண்டு முன்னே செல்வதும் பின்னே மீள்வதும் புலப்படும். அக்குமிழ்தான் கீழ்த்தாடை எலும்பின் தலை. வலப்புறம் ஒன்று, இடப்புறம் ஒன்று. இரண்டும் ஒரே எலும்பின் இரு முனைகள். ஆதலால் ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகளைப்போல ஒன்றை விட்டு ஒன்று தனியே நடக்க இயலாது. ஒன்றில் கோளாறு நேர்ந்தால் மற்றது அதன் சுமையையும் ஏற்கிறது.

இம்மூட்டு வேலை செய்யும் விதம் வியப்பானது. வாயைத் திறக்கத் தொடங்கியதும் எலும்பின் தலை தன் குழியிலிருந்தபடியே கதவுக் கீலைப்போலச் சுழல்கிறது. முதல் 20 அல்லது 25 மில்லிமீட்டர் அளவு வரையில் சுழற்சியே மிகுதி. அதற்கு மேலும் திறக்க வேண்டுமானால் அது குழியை விட்டு வெளியே வந்து, முன்னால் உள்ள ஓர் எலும்பு மேட்டின் சரிவில் நழுவி இறங்கியாக வேண்டும். தோளெலும்பு குழியை விட்டு வந்தால் ‘பிசகிவிட்டது’ என்று ஓடுகிறோம். தாடையிலோ அது ஒவ்வொரு கவளத்துக்கும் நிகழ்கின்ற அன்றாடத் தொழில். முழுவதும் வளர்ந்த ஒருவர் வாயை நன்றாகத் திறந்தால் மேல், கீழ் முன்பற்களுக்கு இடையே 40 முதல் 55 மில்லிமீட்டர் வரை இடைவெளி உண்டாகும். அளவுகோல் தேடவேண்டியதில்லை. அவரவர் கையின் மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கிடையே நுழைக்க முடிந்தால் போதும்.

எலும்பின் தலைக்கும் குழிக்கும் நடுவே நார்த் திசுவாலான ஒரு சிறு தட்டு மெத்தைபோல அமைந்திருக்கிறது. தலை நகரும்போது அதன்மேல் இத்தட்டும் கூடவே நகர வேண்டும். தட்டைப் பிடித்துள்ள நார்கள் தளர்ந்துவிட்டால் அது முன்னே சரிந்து நிற்கும். அப்பொழுது வாயைத் திறந்தால் எலும்பின் தலை தட்டின் விளிம்பைத் தாண்டி அதன்மேல் ஏறுகிறது. அந்த ஏற்றத்தின் ஓசைதான் சொடக்கு. வலியில்லாத சொடக்கு மட்டுமே இருப்பவர்கள் ஏராளம். அவர்களுக்குச் சிகிச்சை எதுவும் பெரும்பாலும் வேண்டியதில்லை. ஆனால் சரிந்த தட்டு மீளாமல் வழியிலேயே குறுக்கிட்டு நின்றால் வாய் இரண்டு விரற்கடைக்கு மேல் திறக்காமல் அடைபட்டுவிடும். இதற்கு நேர்மாறாக, எலும்பின் தலை மேட்டையும் தாண்டி அப்பால் சென்றுவிட்டால், மெல்லும் தசைகள் இறுகிப் பிடித்துக்கொண்டு அதனைத் திரும்ப விடுவதில்லை. நம் பெண்ணுக்குக் கரோல் பாக்கில் நேர்ந்தது இதுவே.

சரி, இதற்கும் கட்டைவிரலுக்கும் என்ன தொடர்பு?

உடலின் மூட்டுக்களைக் கட்டி நிறுத்தும் நார்கள் கொலாஜன் என்னும் புரதத்தால் ஆனவை. கயிறு திரிக்கும்போது முறுக்கு எவ்வளவு என்பதைப் பொறுத்துக் கயிற்றின் விறைப்பு அமைவதுபோல, இப்புரதமும் அதைச் சூழ்ந்த பொருள்களும் அமைந்த விதத்தைப் பொறுத்து ஒருவர் மூட்டு இறுக்கமாகவோ நெகிழ்வாகவோ இருக்கும். இது பெரும்பாலும் குடும்பவழி வருவது. மருத்துவர் கேட்ட கேள்வியை அன்றிரவு நம் வீட்டிலும் அனைவரிடமும் கேட்டோம். பெண்ணின் தாயாருக்குக் கட்டைவிரல் இன்றும் ஒட்டுகிறது. பாட்டியார், ‘எனக்கும் கல்யாணத்துக்கு முன்னால் ஒட்டும், இப்பொழுதுதான் விறைத்துப்போயிற்று’ என்றார். நம்முடைய விரல் பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

மூட்டு நெகிழ்வு பழங்காலத்திலேயே கவனிக்கப்பட்டது. கிரேக்க மருத்துவர் ஹிப்பாக்கிரட்டீஸ் பெயரால் வழங்கும் நூலொன்று, சித்தியர் என்னும் குதிரைவீரர் கூட்டத்தார் மூட்டுத் தளர்ச்சியால் வில்லை இழுக்கவும் ஈட்டி எறியவும் இயலாமல் தோள்களில் சூடு போட்டுக்கொண்டனர் என்று கூறுகிறது. அதனை அளந்து சொல்லும் முறை மிகப் பிற்பட்டது. 1964இல் கார்ட்டர், வில்கின்சன் என்ற இருவர் வகுத்த சோதனையை, 1973இல் பெய்ட்டனும் அவருடைய துணைவரும் தென்னாப்பிரிக்காவில் திருத்தி அமைத்தனர். பெய்ட்டன் மதிப்பெண் என்னும் அம்முறையையே இன்றும் உலகெங்கும் கையாள்கின்றனர். சுண்டுவிரல் 90 பாகைக்கு மேல் பின்னே வளைந்தால் கைக்கு ஒரு மதிப்பெண், கட்டைவிரல் முன்கையில் ஒட்டினால் கைக்கு ஒன்று, முழங்கை நேர்கோட்டையும் தாண்டி 10 பாகைக்கு மேல் பின்னே மடங்கினால் ஒவ்வொன்று, முழங்காலும் அவ்வாறே, காலை மடக்காமல் உள்ளங்கைகளைத் தரையில் பதித்தால் ஒன்று. ஆக மொத்தம் 9. பருவமெய்தாத சிறுவர்க்கு 6, வளர்ந்தோர்க்கு 5, ஐம்பதைத் தாண்டியவர்க்கு 4, இவற்றுக்குக் குறையாமல் பெற்றால் ‘பரவலான மூட்டு மிகைநெகிழ்வு’ உண்டு என்பது 2017இல் ஏற்பட்ட பன்னாட்டு வகைப்பாட்டின் கணக்கு. நம் பெண்ணுக்கு 7.

இம்மதிப்பெண் ஒரு நோயின் பெயரன்று என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். குழந்தைகளுக்கு நெகிழ்வு மிகுதி. வயது ஏற ஏறக் குறையும். ஆடவரைவிடப் பெண்டிர்க்கு மிகுதி. ஐரோப்பியரைவிட இந்தியருக்கும் மிகுதி. ஆதலால் மேனாட்டு அளவை அப்படியே வைத்து நம் வீட்டுப் பிள்ளைகளை நோயாளிகள் என்று முத்திரை குத்துவது பிழையாகும். நெகிழ்ந்த உடல் வாய்த்தவர்களில் மிகப் பலர் எவ்விதத் துன்பமுமின்றி வாழ்கின்றனர். நடனத்துக்கும் யோகாசனத்துக்கும் அது வரமாகவும் அமைகிறது.

ஒரு சிலரிடத்து மட்டும் இந்த நெகிழ்வு தொல்லையாகிறது. மூட்டு தன் எல்லையைத் தாண்டித் தாண்டிச் செல்வதால் அடிக்கடி சுளுக்கு, முழங்கால் சில்லு விலகல், மாலை வேளைக் கால்வலி, இவ்வரிசையில் தாடைக் கோளாறும் வருகிறது. மேலே கண்ட சோதனையில் தாடைக்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை என்பது கவனிக்கத்தக்கது. ஒன்பதும் பெற்றவருக்குத் தாடை உறுதியாக இருக்கலாம். ஒன்றும் பெறாதவருக்குத் தாடை மட்டும் தளர்ந்திருக்கலாம். ஆகையால் கட்டைவிரல் தீர்ப்புச் சொல்வதில்லை; எங்கே பார்க்கவேண்டும் என்று கைகாட்டுகிறது, அவ்வளவே.

இரண்டுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் எல்லாரும் ஒரே முடிவுக்கு வந்துவிடவில்லை. ஜெர்மனியில் 895 பேரைச் சோதித்து 2008இல் வெளியான ஓர் ஆய்வு நமக்குத் தெளிவாகத் தோன்றுகிறது. மூட்டு நெகிழ்ந்தவர்களிடம் தாடைச் சொடக்கு மிகுதியாகக் காணப்பட்டது. வாய் திறக்கும் அளவு குறைந்திருப்பது அவர்களிடம் அரிதாகவே இருந்தது. ஆனால் வலிக்கும் நெகிழ்வுக்கும் நேரான தொடர்பு புலப்படவில்லை. இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? தளர்ந்த நார்கள் தட்டு சரிவதற்கும் தாடை எல்லை மீறுவதற்கும் வழி திறக்கின்றன. வலிக்கு வேறு காரணங்களும் வந்து சேர வேண்டும். இரவில் பல்லைக் கடித்தல், தூக்கக் குறைவு, மனக்கவலை, அடிபடுதல், நெடுநேரம் மெல்லுதல் ஆகியன அக்காரணங்கள். தேர்வுக் காலத்தில் நம் பெண்ணுக்கு வலி மிகுந்தது பொய்யன்று. கவலையால் பல்லை இறுகக் கடித்தபடி படித்திருக்கிறாள். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த மூட்டு அச்சுமையைத் தாங்கவில்லை. ‘நடிக்கிறாள்’ என்று சொன்ன வாய்களுள் நம் வாயும் ஒன்று.

வாய் திறந்தபடி மாட்டிக்கொள்ளும் உபாதை மனிதனுக்குப் புதிதன்று. கி.மு. 1600 அளவில் எகிப்தில் எழுதப்பட்ட அறுவை மருத்துவச் சுவடி ஒன்றை 1862இல் லக்சார் நகரில் எட்வின் ஸ்மித் என்பவர் விலைக்கு வாங்கினார். அது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. அதன் 25ஆவது செய்தி தாடை விலகலைப் பற்றியது. கட்டைவிரல்களை வாய்க்குள்ளும் மற்ற விரல்களை மோவாயின் கீழும் வைத்து எலும்பை அதன் இடத்துக்குத் தள்ளுக என்பது அதன் கட்டளை. ஹிப்பாக்கிரட்டீஸ் மரபும் அதையே கூறுகிறது. நம் நாட்டுச் சுசுருத சம்ஹிதையோ, விலகிய தாடைக்கு ஒற்றடம் இட்டு, எலும்பைச் செவ்வனே அமர்த்தி, ‘பஞ்சாங்கி’ என்னும் ஐந்து வால் கட்டுப் போடுக என்கிறது. இன்று தாடையை அமர்த்திய பிறகு தலையைச் சுற்றிக் கட்டும் மீள்துணிக் கட்டும் அதே கருத்தில் அமைந்ததுதான். மூவாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கையசைவு மாறவில்லை.

கையசைவின் நுட்பம் முதலில் ‘கீழே’ அழுத்துவதில் இருக்கிறது. மேட்டைத் தாண்டிய எலும்பு கீழிறங்கினாலன்றிப் பின்னே வர வழியில்லை. கோல்கப்பாக் கடைக்காரரைப்போல மோவாயை மேல்நோக்கித் தள்ளினால் எலும்பு மேட்டின்மேலேயே மோதும். ஆகவே யாருக்கேனும் இவ்வாறு நேர்ந்தால் தள்ளாமல், அடிக்காமல், அவரை அமைதிப்படுத்தி, மோவாயைத் துணியால் தாங்கி, தாமதமின்றி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதே முறை. நேரம் செல்லச் செல்லத் தசைகள் மேலும் இறுகும். பிறகு மயக்கமருந்து கொடுத்துத்தான் அமர்த்த வேண்டியிருக்கும். விஷயம் தெரிந்தவர் என்று தம்மைக் கருதிக்கொண்டு வீட்டிலேயே வாய்க்குள் விரலை விடுவதும் வேண்டா. எலும்பு அமரும் நொடியில் பற்கள் கத்தரிபோல மூடும். மருத்துவர் விரலில் துணி சுற்றிக்கொண்டது வெறும் சடங்கன்று.

வாய் திறக்கவில்லை என்றால் எல்லாம் தாடைத் தட்டின் குற்றமென்றும் கொள்ளலாகாது. வடநாட்டில் நாம் காணும் பான் மசாலாவும் குட்காவும், நம்மவர் கொண்டுவந்த வெறும் பாக்கும்கூட, கன்னத்தின் உட்புறத்தை நாளடைவில் நார்போல விறைக்கச் செய்துவிடும். காரம் பட்டால் எரிச்சல், வெளிறிய கன்னம், சிறிது சிறிதாகக் குறுகும் வாய் ஆகியவை அதன் அடையாளங்கள். அது பிற்காலத்தில் புற்றுநோயாக மாறக்கூடியதாதலின், அத்தகையவர் உடனே பல் மருத்துவரை நாட வேண்டும். புண்பட்ட பின் வாய் இறுகினால் அது தசைவலி ஜன்னியாக இருக்கலாம். அதற்கு ஒரு நாழிகையும் காத்திருக்கலாகாது.

இனி, நெகிழ்ந்த தாடையோடு வாழ்வது எப்படி என்பதைச் சொல்லுவோம். நம் பெண்ணுக்கு மருத்துவர் கூறியவற்றுள் முதன்மையானது கொட்டாவியைப் பற்றியது. கொட்டாவி வரும்போது மோவாயின் கீழ்க் கைமுட்டியை வைத்துத் தாங்க வேண்டும். நாக்கின் நுனியை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டால் வாய் அளவுக்கு மேல் திறவாது. தில்லிக் குளிர்காலத்தில் கொட்டாவி குறைவோ என்னவோ, கஜக்கும் ரேவடியும் குறைவில்லை. லோடிப் பண்டிகைக்கு அண்டை வீட்டார் அன்போடு கொண்டுவந்து தரும் அந்த வெல்லப் பாகுப் பண்டங்கள் பல்லில் ஒட்டித் தாடையை மணிக்கணக்கில் உழைக்கவைக்கும். நம் ஊர்க் கடலைமிட்டாயும் பொருள்விளங்கா உருண்டையும் அவற்றுக்கு இளைத்தவையல்ல. வலி உள்ள நாட்களில் இவற்றை விலக்கி, இட்டிலி, பொங்கல், குழைந்த தயிர்சாதம் என்று உண்பதில் தமிழனுக்கு என்ன கஷ்டம்? கரும்பைக் கடித்து உரிப்பதும், முழுக் கொய்யாவைக் கடிப்பதும் வேண்டா, நறுக்கி உண்ணலாம். வெந்நீரில் நனைத்த துணியால் கன்னத்தில் ஒற்றடம் இட்டால் தசைப்பிடிப்புத் தளரும்.

‘உதடுகள் சேர்ந்திருக்கட்டும், பற்கள் சேராதிருக்கட்டும்’ என்பது அவர் சொன்ன மற்றொரு விதி. உண்ணும் நேரம் தவிர மற்றப் பொழுதுகளில் மேல் பற்களும் கீழ்ப் பற்களும் தொடவேண்டிய தேவையே இல்லை என்பது நமக்கே புதிய செய்தியாக இருந்தது. இதை எழுதும்போதும் பலமுறை நம் பற்கள் இறுகியிருக்கக் கண்டோம். கன்னத்தில் கையூன்றிப் படித்தல், நகம் கடித்தல், தொலைபேசியைத் தோளுக்கும் தாடைக்கும் நடுவே இடுக்கிக்கொள்ளுதல் ஆகியவை எல்லாம் தாடைக்குப் பகை. வயலின் வாசிப்பவர்களிடையே தாடைக் கோளாறு மேனாடுகளில் நன்கு அறியப்பட்டது. அவர்கள் மோவாயால் வாத்தியத்தை அழுத்திப் பிடிக்கின்றனர். நம் கர்நாடக இசைக் கலைஞர்கள் தரையில் அமர்ந்து வயலினின் தலையைப் பாதத்தில் ஊன்றி மார்பில் சாய்த்துக்கொள்வதால் தாடைக்கு விடுதலை கிடைக்கிறது. இந்த அமைப்பை ஏற்படுத்திய முன்னோர்க்குத் தாடை மூட்டைப் பற்றி எண்ணமிருந்திராது. ஆயினும் நன்மை விளைந்தது.

நாட்டியம் பயிலும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். இங்கே வார இறுதிதோறும் கோயில் மண்டபங்களிலும் சங்கக் கூடங்களிலும் நம் பெண்கள் பரதம் பயில்கின்றனர். பின்னே வளையும் முழங்கையும் முழங்காலும் பார்வைக்கு அழகாகத் தோன்றும். ஆசிரியர்களும் பெற்றோரும் மெச்சுவர். நெகிழ்ந்த மூட்டுக்கு வேண்டியது மேலும் நீட்டுதலன்று. தாங்கும் தசைகளுக்கு வலிமையே. முழங்கை நேர்கோட்டில் நிற்கக் கற்க வேண்டும், அதைத் தாண்டக் கூடாது. தாடைக்கும் இதே நெறிதான். இயன்முறை மருத்துவர் கற்பிக்கும் பயிற்சிகள் வாயை அகலத் திறக்கச் சொல்வனவல்ல. கண்ணாடி முன்னின்று, கோணாமல், நேராக, அளவோடு திறந்து மூடப் பழக்குவன. விரலை மடக்கிக் காட்டும் வித்தையை நிறுத்துமாறும் நம் பெண்ணுக்கு மருத்துவர் கூறினார்.

பல் மருத்துவரிடம் செல்வோர்க்கு இன்னும் ஒன்று. தாடை நெகிழ்ந்தவர் நாற்காலியில் அமரும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். நெடுநேரம் வாயைத் திறந்து வைக்கும் வேலைகளை, ஞானப்பல் பிடுங்குதல் போன்றவற்றை, இடையிடையே ஓய்வு கொடுத்துச் செய்வார்கள். பற்களுக்கிடையே ரப்பர்த் தாங்கி வைப்பார்கள். எந்த அறுவைக்காயினும் மயக்கமருந்து கொடுப்பவரிடமும் முன்னதாகச் சொல்ல வேண்டும். சுவாசக் குழாய் இடும்போது தாடை விலகக்கூடும். வலிக்காக இரவில் அணியும் பல்லுறை சிலருக்குப் பயன்படுகிறது. ஆனால் பற்களை ராவிச் சமன்செய்தல், நல்ல பல்லைப் பிடுங்குதல், உடனே அறுவை என்று மீட்க இயலாத செயல்களைத் தொடக்கத்திலேயே யாரேனும் கூறினால், பல் மருத்துவக் கல்லூரிகளில் உள்ள வாய்-முக அறுவைத் துறையில் மற்றொருவர் கருத்தைக் கேட்டல் நலம். அடிக்கடி தாடை விலகுவோர்க்கு மூட்டில் அவருடைய குருதியையே செலுத்துதல், மேட்டைச் செதுக்குதல் முதலிய முறைகள் உண்டு. அவை எளிய வழிகள் யாவும் பயனற்ற பின்னரே.

மூட்டு நெகிழ்வோடு மிகவும் இழுபடும் தோல், காகிதம்போல மெலிந்து விரியும் தழும்பு, எளிதில் கன்றிப்போதல், தோளும் முழங்கால் சில்லும் திரும்பத் திரும்ப விலகுதல் ஆகியவை சேர்ந்திருந்தால், அது ஏலர்ஸ்-டான்லோஸ் என்னும் மரபுநோய்க் குழுவைச் சேர்ந்ததாக இருக்கலாம். 1901இல் டென்மார்க்கு மருத்துவர் ஏலர்சும் 1908இல் பிரெஞ்சு மருத்துவர் டான்லோசும் விவரித்ததால் இப்பெயர் வந்தது. 2017 வகைப்பாடு அதனை 13 வகையாகப் பிரித்தது. அவற்றுள் மிகுதியாகக் காணப்படும் நெகிழ்மூட்டு வகைக்கு மட்டும் காரணமான மரபணு இன்னும் உறுதிப்படவில்லை. எனவே அதைக் குருதிச் சோதனையால் காண இயலாது, மருத்துவர் கண்ணும் கையுமே காண வேண்டும். அரிய வகை ஒன்றில் குருதிக் குழாய்கள் கிழியும் அபாயம் உண்டு. குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நேர்ந்திருந்தாலோ, மிக உயர்ந்து மெலிந்த உடலும் நீண்ட விரல்களும் கண்வில்லை விலகலும் காணப்பட்டாலோ, இதயத்தையும் சோதிப்பது கட்டாயம். நம் பெண்ணுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை என்று மருத்துவர் கூறியபோது பாட்டியார் மலை மந்திர் சுவாமிநாதனுக்கு வேண்டிக்கொண்ட அர்ச்சனையைச் செய்துவிட்டு வந்தார்.

மூன்று வாரம் மென்மையான உணவு, ஆறு மாதம் கண்ணாடி முன் பயிற்சி. சொடக்கு இன்னும் இருக்கிறது. வலி தேர்வுக் காலத்தில் ஓரிரு நாள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது. அதன் பிறகு வாய் மாட்டிக்கொள்ளவில்லை. அடுத்த நவராத்திரியில் கொலுவுக்கு வந்த சிறுமி ஒருத்தி கட்டைவிரலை மடக்கிக் காட்ட, எல்லாரும் கைதட்ட, நம் பெண் அவளைத் தனியே அழைத்து, ‘உனக்குக் காதுக்கு முன்னால் வலிக்குமா?’ என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். ‘கோல்கப்பாவை ஒரேயடியாக விட்டுவிட்டாயா?’ என்று கேட்டோம். ‘விடுவேனா, மாமா? கடைக்காரர் எனக்கென்று சிறிய பூரியாகப் பொறுக்கி வைக்கிறார்’ என்றாள்.